பித்தப்பைக் கல்லுக்கு ரோபோ தேவையா? அம்மாவுக்காகக் கேட்ட ஒரு மகளுக்கு

கேள்வி: டாக்டர், வணக்கம். நான் விருதுநகர் மாவட்டத்தில் பள்ளி ஆசிரியை. என் அம்மாவுக்கு 61 வயது, பல வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது. கடந்த மூன்று மாதத்தில் இரண்டு முறை, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வலது விலாவுக்குக் கீழே தாங்க முடியாத வலி வந்தது. ஸ்கேனில் பித்தப்பையில் நிறையச் சின்னச் சின்னக் கற்கள் என்று வந்தது. ரிப்போர்ட் விவரங்களைக் கீழே எழுதியிருக்கிறேன். பித்தப்பையை எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். பக்கத்து டவுனில் இருக்கும் சர்ஜன் லேப்ராஸ்கோபி செய்தால் போதும், எழுபதாயிரம் ரூபாய் ஆகும் என்றார். மதுரையில் ஒரு பெரிய மருத்துவமனையில் ரோபோ வைத்துச் செய்தால் துல்லியமாக இருக்கும், இரண்டு லட்சத்துக்கு மேல் ஆகும் என்கிறார்கள். சென்னையில் இருக்கும் தம்பி, "பணத்தைப் பார்க்காதே அக்கா, ரோபோவிலேயே செய்யலாம்" என்கிறான். அம்மாவோ, "மெஷின் கையில் வயிற்றைக் கொடுக்க மாட்டேன். நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும்? டாக்டர் எங்கேயோ வேறு ஊரில் உட்கார்ந்து செய்வாராமே?" என்று பயப்படுகிறார். எது நல்லது? இன்ஷூரன்ஸ் கிடைக்குமா? தீபாவளி முடிந்து, பள்ளி விடுமுறையில் வைத்துக்கொள்ளலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களின்படி பித்தப்பைச் சுவர் தடிக்கவில்லை, பித்தநாளம் வீங்கவில்லை, மஞ்சள் காமாலை இல்லை, கல்லீரல் ரத்தப் பரிசோதனையும் சரியாக இருக்கிறது. இந்த நிலையில் உங்கள் அம்மாவுக்குச் சாதாரண லேப்ராஸ்கோபியே, அதாவது சின்னத் துளைகள் வழியாகக் கேமராவும் கருவிகளும் விட்டுக் கையால் செய்யும் ஆபரேஷனே போதும். பணத்துக்காக அம்மாவுக்குக் குறைச்சலான வைத்தியம் பார்த்துவிட்டோமோ என்று பின்னால் நீங்கள் மனம் வருந்த அவசியமே இல்லை. ரோபோவை நானும் பயன்படுத்துகிறேன், அதன் அருமையும் எனக்குத் தெரியும். அதனால்தான் அது எங்கே தேவை, எங்கே தேவையில்லை என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன். தம்பிக்கும் இதை அனுப்புங்கள். அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள்.

அம்மாவின் பயத்திலிருந்தே தொடங்கலாம். அது நியாயமான பயம். ரோபோ என்றதும் ஓர் இயந்திரம் தானாகவே கத்தி பிடித்து அறுப்பதுபோலத்தான் யாருக்கும் தோன்றும். இன்று வயிற்று ஆபரேஷனுக்கு மருத்துவமனைகளில் வைத்திருக்கும் ரோபோக்கள் தாமாக எதையும் செய்வதில்லை. அம்மா படுத்திருக்கும் அதே தியேட்டருக்குள், சில அடி தள்ளி ஒரு கன்சோல் இருக்கும். சர்ஜன் அதில் உட்கார்ந்து, இரண்டு கண்களையும் கண்ணாடியில் பதித்து, விரல்களை இரண்டு பிடிகளுக்குள் நுழைத்துக்கொள்வார். அவர் விரல் அசைந்தால் வயிற்றுக்குள் இருக்கும் கருவி அசையும். அவர் அசைக்காவிட்டால் அது அப்படியே நிற்கும். இங்கே பல மருத்துவமனைகளில் இருக்கும் டா வின்சி என்ற ரோபோவில், சர்ஜன் தலையைக் கண்ணாடியிலிருந்து எடுத்த மறுநொடி கைகள் பூட்டிக்கொள்ளும். அம்மாவின் பக்கத்திலேயே பயிற்சி பெற்ற இன்னொரு டாக்டரும் நர்ஸும் நின்றுகொண்டிருப்பார்கள். மயக்க டாக்டர் தலைமாட்டில் இருப்பார்.

கரண்ட் போனால் மருத்துவமனையின் ஜெனரேட்டரும் யு.பி.எஸ்.ஸும் இருக்கின்றன. அதையும் தாண்டி இயந்திரத்துக்குள்ளேயே பேட்டரி உண்டு. அப்படியும் அது நின்றுவிட்டால், கருவிகளைக் கையால் வெளியே எடுத்துவிட்டு, லேப்ராஸ்கோபியாகவோ வயிற்றைத் திறந்தோ ஆபரேஷனை முடிக்கலாம். அதற்கு வேண்டிய சாமான்கள் எப்போதும் அதே அறையில் தயாராக இருக்க வேண்டும் என்பது விதி.

வேறு ஊரிலிருந்து செய்வது பற்றி அம்மா கேள்விப்பட்டதிலும் உண்மை இருக்கிறது. 2001 செப்டம்பர் 7-ஆம் தேதி, பிரெஞ்சு சர்ஜன் ஜாக் மாரெஸ்கோ நியூயார்க்கில் உட்கார்ந்துகொண்டு, அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் படுத்திருந்த 68 வயதுப் பெண்மணி ஒருவருக்கு ஆபரேஷன் செய்தார். அதுவும் பித்தப்பை ஆபரேஷன்தான்! அந்தப் பெண்மணி நல்லபடியாகத் தேறினார். நம் நாட்டிலும் குருகிராமில் உருவாக்கிய எஸ்.எஸ்.ஐ. மந்திரா என்ற ரோபோவை வைத்துத் தொலைவிலிருந்து ஆபரேஷன்கள் நடந்திருக்கின்றன. ஆனால் அவையெல்லாம் தனி ஏற்பாட்டில், நோயாளியிடம் சொல்லி, சம்மதம் வாங்கிச் செய்தவை. மதுரையில் அம்மாவுக்குச் செய்வதாகச் சொன்னது அது இல்லை. அங்கே டாக்டர் அதே அறைக்குள்தான் இருப்பார். இதை அம்மாவிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், பாதி பயம் போய்விடும்.

சரி, இந்த இரண்டு முறைக்கும் என்ன வித்தியாசம்? வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாக எதுவும் தெரியாது. இரண்டும் நுண்துளை அறுவை சிகிச்சைதான். பொதுவாக நாலு சின்னத் துளைகள் போடுவோம். லேப்ராஸ்கோபியில் தொப்புளுக்குப் பக்கத்தில் 10 மில்லிமீட்டரில் ஒன்று, மற்றவை பெரும்பாலும் 5 மில்லிமீட்டர். டா வின்சியில் துளைகள் 8 மில்லிமீட்டர். ரோபோ என்றால் தழும்பே இருக்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வயிற்றுக்குள் வேலை செய்ய இடம் வேண்டும் என்பதால் இரண்டிலுமே கார்பன் டை ஆக்சைடு வாயுவை 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் நிரப்புகிறோம். தீப்பிடிக்காத வாயு, உடம்பு சீக்கிரம் உறிஞ்சி மூச்சு வழியாக வெளியேற்றிவிடும். அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டிலும் முழு மயக்கம்தான். பலர் இதை லேசர் ஆபரேஷன் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். இரண்டு முறையிலும் லேசர் எதுவும் இல்லை.

வித்தியாசம் சர்ஜனின் கைக்குத்தான். லேப்ராஸ்கோபியில் நாங்கள் பிடித்திருப்பது நீளமான, நேரான, விறைப்பான கருவி. உயரத்தில் இருக்கும் முருங்கைக்காயைத் துறட்டியால் பறிப்பதுபோன்ற வேலை. கை ஒரு முனையில், காரியம் மறுமுனையில். அதுவும் துளையை அச்சாக வைத்துத் திரும்புவதால், நான் கையை இடது பக்கம் கொண்டுபோனால் உள்ளே நுனி வலது பக்கம் போகும். இதற்கு மூளை பழக வருஷங்கள் ஆகும். ரோபோவின் கருவி நுனியில் மணிக்கட்டு மாதிரி ஒரு மூட்டு இருக்கிறது. மனிதக் கையைவிட அதிகமாகவே சுழலும். கை நடுக்கத்தை அது வடிகட்டிவிடும். நான் கையைப் பெரிதாக அசைத்தால் உள்ளே சிறிதாக அசையும்படியும் வைத்துக்கொள்ளலாம். படமும் ஆழம் தெரியும்படி முப்பரிமாணத்தில் வரும். கேமராவை உதவியாளர் பிடித்துக் கை ஓய்ந்துபோகும் தொல்லை இல்லை, என் கட்டுப்பாட்டிலேயே அசையாமல் நிற்கும்.

குறையும் இருக்கிறது. லேப்ராஸ்கோபிக் கருவியில் திசு எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்பது கொஞ்சமாவது கைக்குத் தெரியும். டா வின்சியில் பல வருஷமாக அது சுத்தமாக இல்லாமலே இருந்தது. கண்ணால் பார்த்தே அனுமானிக்க வேண்டும். 2024-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டா வின்சி 5 மாடலில்தான் அந்த அழுத்தத்தை விரலுக்கு உணர்த்தும் வசதி வந்திருக்கிறது.

இந்த வசதிகள் எந்த ஆபரேஷனுக்குத் தேவை என்று யோசியுங்கள். குறுகலான இடத்தில், ஆழத்தில், நுணுக்கமாகத் தையல் போட வேண்டிய வேலைக்குத் தேவை. ஆண்களின் இடுப்பெலும்புக் கூட்டுக்குள் அடியில் இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் வந்தால், அதை எடுத்துவிட்டு மூத்திரப்பையையும் மூத்திரக்குழாயையும் மறுபடி இணைத்துத் தைக்க வேண்டும். அங்கே அந்த மணிக்கட்டு பெரிய உதவி. சிறுநீரகத்தில் கட்டியை மட்டும் வெட்டிவிட்டு மீதியைக் காப்பாற்றும் ஆபரேஷனில், ரத்தக்குழாயைக் கிளிப் போட்டு நிறுத்திவைத்து, சுமார் அரை மணி நேரத்துக்குள் வெட்டித் தைத்து முடிக்க வேண்டும். அங்கேயும் நான் ரோபோவையே விரும்புவேன். ஆசனவாய்க்கு மேலே வரும் மலக்குடல் புற்றுநோய், உடல் பருமனானவர்களுக்குக் கருப்பை ஆபரேஷன், இவற்றிலும் பல சர்ஜன்களுக்கு அது கைகொடுக்கிறது.

பித்தப்பையில் தையல் வேலை கிட்டத்தட்ட இல்லை. பித்தப்பைக்குப் போகும் ஒரு சின்ன ரத்தக்குழாய், பித்தப்பையிலிருந்து வரும் ஒரு சின்னக் குழாய், இந்த இரண்டையும் அடையாளம் கண்டு, கிளிப் போட்டு வெட்டி, பையைக் கல்லீரலிலிருந்து பிரித்து, ஒரு உறையில் போட்டுத் தொப்புள் வழியாக எடுப்பதுதான் வேலை. அம்மாவுக்கு இருப்பதுபோல வீக்கம் இல்லாத பித்தப்பை என்றால், பழகிய கைக்கு ஒரு மணி நேரம் ஆகலாம்.

இதில் உயிரான இடம் ஒன்றே ஒன்று. வெட்டுகிற குழாய் பித்தப்பையின் குழாய்தானா, அல்லது கல்லீரலிலிருந்து குடலுக்குப் போகும் முக்கியப் பித்தநாளமா என்பது. முக்கிய நாளத்தைத் தவறாக வெட்டிவிட்டால் அது பெரிய சோதனை. மறுபடி பெரிய ஆபரேஷன், மாதக்கணக்கில் அலைச்சல், சிலருக்கு ஆயுள் முழுக்கத் தொந்தரவு. அதனால் எந்தக் கருவியாக இருந்தாலும் நான் முதலில் கேட்பது இந்த ஒரு ஆபத்து அதில் கூடுகிறதா, குறைகிறதா என்றுதான்.

அதற்கு 2023-ல் அமெரிக்காவில் ஒரு பதில் வெளியானது. அங்கே முதியவர்களுக்கான அரசுக் காப்பீட்டில் 2010 முதல் 2019 வரை பித்தப்பை எடுத்துக்கொண்ட பத்து லட்சத்துக்கும் அதிகமானவர்களின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். ஒரு வருஷத்துக்குள் மறு சிகிச்சை தேவைப்பட்ட பித்தநாளக் காயம், லேப்ராஸ்கோபியில் 0.2 சதவீதம். ரோபோவில் 0.7 சதவீதம். அதாவது ஆயிரம் பேரில் இரண்டு பேருக்கு எதிராக ஏழு பேர். இரண்டுமே சிறிய எண்கள்தான், ரோபோ என்றதும் பயந்துவிட வேண்டாம். ரோபோ கெட்டது என்றும் இதற்கு அர்த்தமில்லை. லேப்ராஸ்கோபியில் வருஷக்கணக்கில் கை தேர்ந்தவர்கள் புதிய கருவிக்கு மாறி, மறுபடி ஆரம்பத்திலிருந்து பழகியதும் ஒரு காரணமாக இருக்கும் என்று நான் நினைக்கிறேன். ஆனால் பித்தப்பைக்கு ரோபோ அதிகப் பாதுகாப்பு என்று சொல்லி மூன்று மடங்கு பணம் கேட்பதற்கு இந்த எண்கள் இடம் கொடுக்கவில்லை.

இப்படி நடப்பது முதல் தடவையும் இல்லை. லேப்ராஸ்கோபியே ஒரு காலத்தில் இதே கட்டத்தைத் தாண்டி வந்தது. 1980-ல் ஜெர்மனியின் கீல் நகரில் குர்ட் செம் என்ற மகப்பேறு மருத்துவர் துளை வழியாகக் குடல்வாலை எடுத்தபோது, சக மருத்துவர்கள் அவரைக் கடுமையாக ஏசினார்கள். 1985-ல் இன்னொரு ஜெர்மன் சர்ஜன் எரிக் மூஹே அதே வழியில் முதல் பித்தப்பையை எடுத்தார், அவருக்கும் ஏளனம்தான் கிடைத்தது. 1987-ல் பிரான்சின் லியோன் நகரில் பிலிப் மூரே வீடியோ கேமராவை வைத்துச் செய்த பிறகு உலகம் முழுக்கப் பரவியது. மும்பையில் டெஹெம்டன் உத்வாடியா 1990-ல் இந்தியாவின் முதல் லேப்ராஸ்கோபிப் பித்தப்பை ஆபரேஷனைச் செய்தார். ஜே.ஜே. அரசு மருத்துவமனையில், ஏழை நோயாளிகளுக்கும் இது கிடைக்க வேண்டும் என்று பாடுபட்டவர் அவர். அந்த ஆரம்ப வருஷங்களில் பல நாடுகளில் பித்தநாளக் காயங்கள் கூடின. ஒரு வார இறுதிப் பயிற்சி முடித்துவிட்டுத் திங்கட்கிழமை தியேட்டருக்குள் போனவர்களும் உண்டு. நியூயார்க் மாநில அரசு 1992-ல் தலையிட்டு, இவ்வளவு பயிற்சி இருந்தால்தான் செய்யலாம் என்று வரையறுக்க வேண்டி வந்தது. அப்புறம் பயிற்சி முறைப்பட்டது, எந்தக் குழாயையும் வெட்டுமுன் இரண்டே இரண்டுதான் பித்தப்பைக்குள் போகின்றன என்று கண்ணால் உறுதிசெய்யும் முறை 1995-ல் வகுக்கப்பட்டது. இன்று உங்கள் பக்கத்து டவுன் சர்ஜன் கையில் இருப்பது அப்படி முப்பது வருஷத்துக்கு மேல் புடம் போட்ட முறை.

இன்னொரு பாடத்தையும் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் இது பெண்களைப் பற்றியது. கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு, வயிற்றைத் திறந்து செய்வதைவிடத் துளை வழியாகச் செய்வது மேல் என்று நிறையப் பேர் நம்பியிருந்தோம். தழும்பு சின்னது, வலி குறைவு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். 2018-ல் 631 பெண்களை வைத்து நடத்திய சர்வதேச ஆய்வின் முடிவு வந்தது. நாலரை வருஷம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள், திறந்து செய்த குழுவில் 96.5 சதவீதம். லேப்ராஸ்கோபியும் ரோபோவும் சேர்ந்த நுண்துளைக் குழுவில் 86 சதவீதம்தான். அடுத்த வருஷம் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, புற்றுநோய்க்கு ரோபோவைப் பயன்படுத்தும்போது கவனமாக இருக்கும்படி மருத்துவர்களுக்கும் நோயாளிகளுக்கும் எச்சரிக்கை வெளியிட்டது. இதே நுண்துளை முறை கருப்பையின் உட்சுவர்ப் புற்றுநோய்க்கு நல்ல பலன் தருகிறது. இரண்டு உறுப்புகளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, பலன் வேறு! அதனால் உங்கள் சொந்தத்தில் யாருக்காவது கருப்பைவாய்ப் புற்றுநோய் என்று வந்து, தழும்பு தெரியாமல் செய்கிறோம் என்று யாராவது சொன்னால், இந்த ஆய்வைப் பற்றி நேருக்கு நேர் கேட்கச் சொல்லுங்கள்.

பித்தப்பைக்கு உண்மையிலேயே உதவுகிற புதுத் தொழில்நுட்பம் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் உங்களிடம் சொன்னதாகத் தெரியவில்லை. இண்டோசயனின் கிரீன் என்ற பச்சைச் சாயத்தை ஆபரேஷனுக்கு முன்னால் கை நரம்பில் ஊசியாகப் போடுவார்கள். கல்லீரல் அதைப் பித்தநீரோடு சேர்த்து வெளியேற்றும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைக் கேமரா வழியாக உள்ளே பாய்ச்சினால், கொழுப்புக்கு அடியில் மறைந்திருக்கும் பித்தநாளம் திரையில் பளிச்சென்று ஒளிரும். எது முக்கிய நாளம் என்ற அந்த உயிரான கேள்விக்கு இது நேரடியாக உதவுகிறது. டா வின்சியிலும் இந்த வசதி உண்டு, லேப்ராஸ்கோபிக் கேமராக்களிலும் உண்டு. இதற்காக ரோபோவுக்குப் போக வேண்டியதில்லை. உங்கள் சர்ஜனிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றாலும் அதற்காக அவரை விட்டுவிட வேண்டாம், அம்மாவின் பித்தப்பை சிக்கலானதாகத் தெரியவில்லை. அயோடின் அலர்ஜி இருந்தால் மட்டும் இந்த ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

சர்ஜனிடம் வேறு என்ன கேட்கலாம்? வருஷத்துக்கு எத்தனை பித்தப்பை ஆபரேஷன் செய்கிறீர்கள் என்று தாராளமாகக் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், நல்ல சர்ஜன் இந்தக் கேள்வியைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். ஆபரேஷனை நீங்களே செய்வீர்களா, வேறு ஒருவர் செய்வாரா என்று கேளுங்கள். நடுவில் சிக்கல் வந்தால் வயிற்றைத் திறந்து முடிக்கும் அனுபவம் உண்டா என்று கேளுங்கள். பித்தப்பை ஒட்டிக்கொண்டு எதுவும் தெளிவாகத் தெரியாதபோது, பிடிவாதமாகத் துளை வழியாகவே முடிக்கப் பார்ப்பதுதான் ஆபத்து. "தேவைப்பட்டால் திறப்பேன்" என்று முன்கூட்டியே சொல்கிறவரை நம்பலாம். சம்மதப் படிவத்திலும் அந்த வரி இருக்கும், அதைப் பார்த்து அம்மா மிரள வேண்டாம். மதுரையில் நீங்கள் செய்துகொள்வதாக இருந்தால் கூடுதலாக ஒன்று கேளுங்கள்: இதே ஆபரேஷனை ரோபோவில் எத்தனை செய்திருக்கிறீர்கள்? அவர் நிறையச் செய்து கை தேர்ந்தவர், உங்களுக்குப் பணமும் ஒரு பாரமில்லை என்றால், அங்கே செய்துகொள்வதும் தப்பில்லை.

இவ்வளவு விலை ஏன் என்றும் தம்பி கேட்கலாம். இயந்திரமே கோடிக்கணக்கில். சென்னை ஓமந்தூரார் அரசு பன்னோக்கு மருத்துவமனையில் 2022-ல் நிறுவியதற்குச் சுமார் 35 கோடி ரூபாய் ஆனது. அரசு மருத்துவமனையில் ஏழைகளுக்கு இந்தச் சிகிச்சை கிடைப்பது எனக்கு மிகவும் சந்தோஷம் தந்த விஷயம். இயந்திரம் வாங்கியதோடு செலவு முடியாது. நுனியில் மாட்டும் கருவி ஒவ்வொன்றும் தன்னை எத்தனை தடவை பயன்படுத்தினார்கள் என்று கணக்கு வைத்துக்கொள்ளும். குறிப்பிட்ட தடவை முடிந்தால், கருவி நன்றாக இருந்தாலும் இயந்திரம் ஏற்றுக்கொள்ளாது, புதிதுதான் வாங்க வேண்டும். அந்தச் செலவெல்லாம் நோயாளி பில்லில்தான் வந்து சேர்கிறது. இந்தியத் தயாரிப்புகள் வந்த பிறகு போட்டி ஏற்பட்டிருக்கிறது, போகப்போக விலை இறங்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

இன்ஷூரன்ஸ் விஷயம் முக்கியம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. கொண்டுவந்த விதிப்படி, ரோபோ ஆபரேஷனை மருத்துவக் காப்பீட்டிலிருந்து முழுதாக விலக்க முடியாது. ஆனால் அதற்கு இவ்வளவுதான் தருவோம் என்று உச்சவரம்பு வைக்கலாம். பல பாலிசிகளில் அப்படி வரம்பு இருக்கிறது. தம்பி அம்மாவுக்கு எடுத்திருக்கும் பாலிசியில் நவீன சிகிச்சைகள் என்ற பகுதியைத் தேடிப் படிக்கச் சொல்லுங்கள். பித்தப்பைக் கல்லுக்கும் சர்க்கரைக்கும் காத்திருப்புக் காலம் முடிந்துவிட்டதா என்றும் பார்க்க வேண்டும். மருத்துவமனையின் இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் "கிளைம் ஆகிவிடும்" என்று வாயால் சொல்வதை வைத்து அட்மிட் ஆக வேண்டாம். எவ்வளவு வரும் என்பதை முன் அனுமதிக் கடிதத்தில் பார்த்த பிறகு முடிவெடுங்கள். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருந்தால், கையிலிருந்து பணம் கட்டும் முன் அதைக் காட்டிக் கேளுங்கள்.

அம்மாவின் சர்க்கரைக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை ரோபோவா லேப்ராஸ்கோபியா என்பதைவிட அவருக்கு இதுதான் முக்கியம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை எவ்வளவு என்று இப்போதே பாருங்கள். இதயத்துக்கு இ.சி.ஜி., எக்கோ எடுக்கச் சொல்வார்கள், எடுத்துக்கொள்ளுங்கள். வயிற்றுக்குள் வாயு நிரப்பும்போது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் கொஞ்சம் சுமை கூடும். சர்க்கரை மாத்திரைப் பட்டியலை, அட்டைகளோடு, மயக்க டாக்டரிடம் காட்டுங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற மருந்துள்ள மாத்திரை ஏதாவது இருந்தால் ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் ரத்தத்தில் அமிலம் கூடும், சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டும்போதே அது நடக்கும் என்பதால் கண்டுபிடிப்பதும் கஷ்டம். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டர் சொல்லும் நாளில் நிறுத்துங்கள்.

கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டுவைக்கலாமே என்று பெரும்பாலும் எல்லா அம்மாக்களும் கேட்பார்கள். அந்தப் பையிலேயே மறுபடி கல் வரும், அதனால் பையோடு எடுக்கிறோம். பித்தநீரைச் சுரப்பது கல்லீரல், பித்தப்பை அதைச் சேமித்து வைக்கும் இடம் மட்டும்தான். எடுத்த பிறகும் சாப்பாடு செரிக்கும். முதல் சில வாரம் எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைத்தால் போதும்.

ஆபரேஷன் முடிந்த அன்று மாலையே எழுந்து நடக்க வைப்பார்கள். எல்லாம் சரியாக இருந்தால் அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ டிஸ்சார்ஜ். வலது தோள்பட்டை வலிக்கும் என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் இதய வலியோ என்று பயந்துவிடுவார். உள்ளே நிரப்பிய வாயு, வயிற்றையும் நெஞ்சையும் பிரிக்கும் உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது அது, இரண்டு மூன்று நாளில் போய்விடும். மூச்சுத் திணறலோ நெஞ்சு இறுக்கமோ சேர்ந்து வந்தால் மட்டும் அதை வாயு என்று விட்டுவிடாமல் உடனே காட்டுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல், குறைய வேண்டிய வயிற்று வலி நாளுக்கு நாள் கூடுவது, வாந்தி, கண் மஞ்சளாவது, துளை வழியாகப் பச்சை மஞ்சள் நீர் கசிவது, இதில் ஒன்று வந்தாலும் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். பித்தநாளத்தில் கசிவோ காயமோ இருந்தால் முதல் சில நாளில் பிடித்துவிட்டால் சரிசெய்வது எவ்வளவோ சுலபம். எடுத்த பித்தப்பையைப் பயாப்ஸிக்கு அனுப்பச் சொல்லி, அந்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். அரிதாக அதில் புற்றுநோய் ஒளிந்திருக்கும், மைக்ரோஸ்கோப்பில்தான் தெரியும்.

கடைசியாக, தீபாவளிக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். வலியே வராமல், வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகக் கல் தெரிந்திருந்தால், பெரும்பாலும் ஆபரேஷனே வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அம்மாவுக்கு மூன்று மாதத்தில் இரண்டு முறை வலி வந்திருக்கிறது. அடுத்தது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கற்கள் சின்னவை என்கிறீர்கள், சின்னக் கல்தான் நழுவி நாளத்துக்குள் இறங்கும். அங்கே அடைத்தால் காமாலை, கணையத்தில் வீக்கம் என்று போகும். சர்க்கரை உள்ளவருக்குப் பித்தப்பையில் சீழ் பிடித்தால் இன்னும் சிரமம். அதனால் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொண்டு, பண்டிகைக்கு முன்பே முடித்துவிடுங்கள். நீங்கள் ஒரு வாரம் லீவு போட்டால் போதும், அதற்குள் அம்மா தன் வேலைகளைத் தானே பார்த்துக்கொள்ள ஆரம்பித்துவிடுவார். அதுவரைக்கும் ராத்திரியில் பூரி, வடை, நெய் பலகாரம் வேண்டாம். நடுவில் வலி வந்து ஆறு மணி நேரத்துக்கு மேல் நின்றாலோ, குளிர் காய்ச்சல் அடித்தாலோ, கண் மஞ்சளானாலோ, குறித்த தேதிக்குக் காத்திருக்காமல் பக்கத்தில் இருக்கும் அந்த சர்ஜனிடமே அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.